பத்து கிலோ டைட்: விசை, முறுக்கு, வேலை பற்றிச் சில குறிப்புகள்

1

இலக்கியம் படித்தவனுக்கு நட்டு போல்ட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். உழைப்பு, உடல், அதிகாரம் ஆகிய சொற்களைச் சிறுபத்திரிகைகள் பல வருஷங்களாகப் புழங்கிவருகின்றன. ஆனால் உழைக்கிற உடல் ஒரு பொருளின்மீது செலுத்துகிற விசையை எந்தக் கருவி அளக்கிறது, அந்த அளவு யாருடைய கணக்கில் ஏறுகிறது என்கிற கேள்விகளைப் பொறியாளர்களின் பொறுப்பில் விட்டுவிட்டோம். அளவு என்பது அரசியலுக்கு அப்பாற்பட்ட சுத்தமான எண் என்கிற நம்பிக்கை நம்மிடமும் இருக்கிறது. அந்த நம்பிக்கையைப் பட்டறைத் தரையில் வைத்துப் பார்க்கிற முயற்சி இது.

சொல்ல வருவது இவ்வளவுதான். கருவி காட்டுகிற எண்ணுக்கும் நாம் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புகிற விஷயத்துக்கும் நடுவே எப்போதும் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இரும்பில் அதற்கு உராய்வு என்று பெயர். உடம்பில் அயர்ச்சி என்று பெயர். நடுவில் இருப்பதை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் நீட்டும்போது அளவு என்பது தீர்ப்பாக மாறிவிடுகிறது.

முதலில் சொற்கள். பாடநூல் தமிழில் விசை, வேலை, திறன் மூன்றும் தனித்தனி. தள்ளுவது அல்லது இழுப்பது விசை. அந்த விசையால் பொருள் நகர்ந்தால், நகர்ந்த தூரத்தை விசையோடு பெருக்கிக் கிடைப்பது வேலை. வேலை நடக்கிற வேகம் திறன். ஆனால் புழக்கத்தில் விசைத்தறி, விசைப்படகு என்கிறோம். இங்கே ‘விசை’ குறிப்பது திறனை. குதிரைத்திறன் என்றும் எழுதுகிறோம், குதிரைச் சக்தி என்றும் எழுதுகிறோம். போதாக்குறைக்கு, ஒரு விசை பொருளைத் திருப்புகிற அளவுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘திருப்புத்திறன்’ என்று பெயர் வைத்திருக்கிறது. அது திறனே அல்ல. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதில் தெளிவு: அங்கே திறனுக்கு வலு, திருப்புத்திறனுக்குத் திருப்பம். பட்டறையில் இதற்கு ‘டார்க்’ என்று பெயர். இக்கட்டுரையில் முறுக்கு என்றே எழுதுகிறேன். தின்கிற முறுக்கும் திருகிப் பிழிந்ததுதான்.

இது வெறும் சொல் விவகாரம் இல்லை. புவனகிரி போன்ற நெசவு ஊர்களில் எந்தத் துணியைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்பதைத் தீர்மானிக்கிற 1985ஆம் வருஷத்துச் சட்டம், விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்றே வரையறுக்கிறது. தறியை ஓட்டுகிற விசை எங்கிருந்து வருகிறது என்கிற பௌதீகக் கேள்வியில் ஒரு நெசவாளியின் வாழ்வுரிமை தொங்குகிறது.

2

முறுக்கைப் புரிந்துகொள்ள ஏற்றத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. நடுவில் தாங்கி நிற்கிற நீண்ட மரம். ஒரு முனையில் கழையும் சாலும். மரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னுமாக நடக்கிறார். சால் பக்கம் நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும், மறுபக்கம் நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். நடக்கிறவரின் எடை மாறவில்லை. ஆனால் அவர் தாங்கியிலிருந்து தள்ளிப்போகப் போக மரத்தைச் சாய்க்கிற வலிமை கூடுகிறது. 50 கிலோ எடையுள்ளவர் தாங்கியிலிருந்து 1 மீட்டரில் நின்றால் 50 கிலோ மீட்டர் முறுக்கு. 3 மீட்டரில் நின்றால் 150. (இங்கே கிலோ மீட்டர் என்பது தூரம் இல்லை; கிலோ எடையை மீட்டரால் பெருக்கியது.) மறுமுனையில் 3 மீட்டர் தள்ளி 40 கிலோ தண்ணீர் தொங்கினால் அது எதிர்ப்பக்கம் 120 போடுகிறது. ஏற்ற மரத்தின் எடையை விட்டுவிட்டால், ஆள் 2.4 மீட்டரைத் தாண்டிக் கால் வைக்கிற கணத்தில் சால் எழும்பும். விசையைத் தூரத்தால் பெருக்குவதுதான் முறுக்கு. ஏற்றம் மிதித்தவர்கள் இதைக் காலால் கணக்கிட்டார்கள். எத்தனை சால் இறைத்தாயிற்று என்பதை ஏற்றப்பாட்டு எண்ணிக்கொண்டே போயிற்று. பாட்டு பொழுதுபோக்கு மட்டுமில்லை, எண்ணும் கருவியும்கூட.

சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் ஏற்றத்தையும் கவலையையும் சோதித்து, பாசன நீர் இறைப்பது குறித்து 1912இல் புத்தகமே போட்டார். இறைத்த தண்ணீரின் எடை, தூக்கிய உயரம், ஆன நேரம் என்று பாட்டு எண்ணிய அதே வேலை அங்கே அட்டவணையாயிற்று. எண்ணெய் எஞ்சின் பம்பு ஊருக்குள் வருவதற்கு அந்த ஒப்பீடு வழி செய்தது. பாட்டில் இருந்த எண், மிதித்தவர்களுக்குச் சொந்தம். அட்டவணையில் ஏறிய எண் அப்படியில்லை. ஏற்றம் எளிதாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. மரத்திலிருந்து தவறினால் கிணறுதான். எண் கை மாறியது என்பதே கவனிக்கவேண்டியது.

விசையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க முடிவது அதன் விளைவைத்தான். சுருள்வில் நீளுகிற அளவு, அதை இழுக்கிற விசைக்கு நேர்விகிதம் என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். இன்றுவரை பெரும்பாலான விசைமானிகளின் அடிப்படை அதுதான்: ஏதோ ஒன்று வளைகிறது, நீள்கிறது, அந்த வளைவை எண்ணாகப் படிக்கிறோம். நெல் கொள்முதல் நிலையத்து மின்னணுத் தராசுக்குள்ளும் லாரி எடைமேடைக்கு அடியிலும் இருக்கிற லோட் செல்லில் உலோகக் கட்டை ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவு அமுங்கும்; அதில் ஒட்டிய மெல்லிய மின்கம்பி நீண்டு, அதன் மின்தடை மாறும். அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் இருவரும் 1938இல் தனித்தனியாகக் கண்ட உத்தி இது. அதையே சுழல்கிற தண்டின்மேல் சாய்வாக ஒட்டினால் முறுக்குமானி.

முறுக்குமானி சரியாகக் காட்டுகிறதா என்று எதை வைத்துச் சோதிப்பது? அளவு தெரிந்த கையின் நுனியில் அளவு தெரிந்த எடையைத் தொங்கவிட்டு. நாட்டின் ஆய்வகங்கள் வைத்திருக்கும் முறுக்குத் தரமும் சாராம்சத்தில் ஓர் ஏற்றம்தான். அந்த எடைகளின் சங்கிலி 2019 மே 20 வரை பாரிஸ் அருகில் பூட்டிவைத்த ஓர் உலோக உருளையில் போய் முடிந்தது. அதன்பின் பிளாங்க் மாறிலியில் முடிகிறது.

எஞ்சினின் திறனை அளக்கவும் முறுக்குதான் தேவைப்பட்டது. ஜேம்ஸ் வாட் குதிரைத்திறனைக் கணக்கிட எடுத்தது வண்டிக் குதிரை இல்லை, ஆலையில் வட்டம் சுற்றுகிற குதிரை. நம் செக்குமாட்டின் உறவு. 12 அடி ஆரத்தில் 180 பவுண்டு இழுப்போடு நிமிஷத்துக்கு 2.4 சுற்று என்று வைத்துப் பெருக்கி, முழு எண்ணாக்கி, நிமிஷத்துக்கு 33,000 அடி பவுண்டு என்றார். ஆவி எஞ்சின் விற்கவேண்டும், வாங்குகிறவன் குதிரை வைத்திருக்கிறான். ஆகவே அலகு குதிரையாயிற்று. எஞ்சின் அவ்வளவு தருகிறதா என்று பார்க்க 1821இல் கஸ்பார் த ப்ரோனி ஒரு வழி கண்டார். சுழல்கிற தண்டை மரக்கட்டைகளால் கவ்வி, கட்டையிலிருந்து நீளும் கையின் நுனியில் எடை தொங்கவிடுவது. உராய்வு கையைச் சுழற்றப் பார்க்கும், எடை தடுக்கும். இரண்டும் சமமானால் எடையையும் கையின் நீளத்தையும் பெருக்கி முறுக்கு. அதைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கினால் திறன். இங்கே உராய்வுதான் அளக்கும் கருவி. அடுத்து வருகிற கதையில் அதே உராய்வு அளவை மறைக்கிற திரை.

3

மெக்கானிக் “பத்து கிலோ டைட் வை” என்றால் பத்து கிலோ மீட்டர் முறுக்கு என்று பொருள். சுமார் 98 நியூட்டன் மீட்டர். 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியை 20 கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால் 6 கிலோ மீட்டர். அதே ஸ்பேனரில் பைப்பைச் சொருகி 90 சென்டிமீட்டர் ஆக்கினால் அதே இழுப்புக்கு 18. கையின் உணர்வுக்கு இரண்டும் ஒரே இழுப்பு. நட்டுக்கு மூன்று மடங்கு. மரை போகிறதும் போல்ட் அறுகிறதும் இப்படித்தான்.

இதைத் தடுக்க வந்தது டார்க் ரெஞ்ச். நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை செய்த கான்ராட் பார் என்பவர், குழாய் இணைப்புகளின் போல்ட்டை அளவுக்குமேல் இறுக்கிவிடுவதைத் தடுக்க 1918 வாக்கில் இதை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. ஆக இது முதலாளியின் சதி ஒன்றும் இல்லை, வேலை இடத்திலிருந்து வந்த யோசனை. இன்று பரவலாக இருக்கிற வகையில் உள்ளே ஒரு வில் அமுக்கப்பட்டிருக்கும். வைத்த அளவை முறுக்கு எட்டியதும் உள்ளிருக்கும் பிடி வழுக்கி ‘டக்’ என்று சத்தம் கேட்கும். எப்போது நிறுத்துவது என்று முன்பு கை சொன்னது. இப்போது டக் சொல்கிறது.

ஆனால் டக் எதைச் சொல்கிறது? போல்ட் எதற்காக இருக்கிறது என்று யோசித்தால் சிக்கல் புரியும். போல்ட்டும் ஒரு சுருள்வில்தான், மிகக் கெட்டியான சுருள்வில். இறுக்கும்போது அது கொஞ்சம் நீளுகிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் இழுப்புதான் இரண்டு பாகங்களையும் கவ்வி வைக்கிறது. நமக்கு வேண்டியது அந்தக் கவ்வு விசை. ரெஞ்ச் அளப்பதோ நட்டைத் திருப்பத் தேவைப்பட்ட முறுக்கு. கொடுத்த முறுக்கில் ஏறக்குறைய பாதியை நட்டின் அடிப்பரப்பு உராய்வு தின்றுவிடுகிறது. இன்னொரு நாற்பது சதவீதம் மரையின் உராய்வுக்குப் போகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது சுமார் பத்து சதவீதம். குறியியல் பாஷையில் சொன்னால் முறுக்கு இங்கே குறிப்பான், கவ்வு விசை குறிப்பீடு. இரண்டுக்கும் நடுவே தொண்ணூறு சதவீதம் உராய்வு.

எண்ணில் பார்ப்போம். 12 மில்லிமீட்டர் போல்ட், தலையில் 8.8 என்று குறியிட்டது. 84 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குகிறோம். பொறியாளர்கள் முறுக்கை போல்ட்டின் விட்டத்தாலும் ‘நட்டுக் கெழு’ எனப்படும் ஓர் எண்ணாலும் வகுத்துக் கவ்வு விசையைக் கணக்கிடுகிறார்கள். உலர்ந்த, சாதாரணப் போல்ட்டுக்கு அந்த எண் 0.2. அப்படியானால் கவ்வு விசை 35,000 நியூட்டன். மூன்றரை டன் எடை. துருப்பிடித்து எண் 0.3 ஆனால் 23,000 நியூட்டன்தான். வண்டி அதிரும்போது நட்டு கழலும். நல்ல மசகு தடவி 0.12க்கு இறங்கினால் 58,000 நியூட்டன். போல்ட் தன் மீள்தன்மையின் எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிடும். மூன்றிலும் ரெஞ்ச் ஒரே அளவில் ‘டக்’ என்றது. ரெஞ்ச் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பொறியியல் நூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகிற ஓர் அட்டவணை உண்டு. கவ்வு விசை நினைத்த அளவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று முறைவாரியாகச் சொல்வது. கை உணர்வால் இறுக்கினால் கூடவோ குறையவோ 35 சதவீதம். டார்க் ரெஞ்சால் இறுக்கினால் 25 சதவீதம். நட்டைக் குறிப்பிட்ட கோணம் திருப்புகிற முறையில் 15 சதவீதம். இந்த மூன்றாவது என்ன? முதலில் பரப்புகள் ஒட்டும்வரை இறுக்கி, அதன்பின் கால் சுற்றோ அரைச் சுற்றோ திருப்புவது. நம் பட்டறைகளில் “கை டைட் வச்சு, அப்புறம் கால் சுத்து விடு” என்று பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே காரியம். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் மரைக்கும் மரைக்கும் இடைவெளி 1.75 மில்லிமீட்டர், கால் சுற்றுக்கு நட்டு 0.44 மில்லிமீட்டர் முன்னேறும். உராய்வு எவ்வளவாக இருந்தாலும் இந்த முன்னேற்றம் மாறாது. அதில் ஒரு பங்கு பாகங்களை அமுக்கும், மிச்சம் போல்ட்டை நீட்டும். விசையைக் கேட்காமல் நீட்சியைக் கேட்கிற முறை இது. உராய்வைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சின் தலைப்போல்ட்டுகளுக்குத் தொழிற்சாலைகளே இன்று குறிப்பிட்ட முறுக்கு வைத்து, பிறகு குறிப்பிட்ட கோணம் திருப்பச் சொல்கின்றன.

இதிலிருந்து, பட்டறைக்காரர் கையே தெய்வம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கால் சுற்று என்பது போல்ட்டின் நீளத்தையும் நடுவில் கேஸ்கட் இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. குட்டைப் போல்ட்டுக்குக் கால் சுற்றே அதிகம். அலுமினிய உடலில் எஃகு போல்ட்டை இறுக்குகிற இடத்தில் கை உணர்வை நம்பி மரை போன எஞ்சின்கள் ஏராளம். பஸ் சக்கரத்து நட்டு என்றால் உயிர் விவகாரம். கைப்பழக்கத்தைப் புனிதமாக்குவது ஒருவகை ரொமான்டிசிசம். அடி வாங்கிக் கற்றுக்கொண்ட பையனுக்கு அந்த ரொமான்ஸ் எதுவும் கிடையாது. ஆனால், கருவி வைத்திருப்பவன் விஞ்ஞானி, கையால் செய்பவன் முரடன் என்கிற படிநிலையை 25க்கும் 35க்கும் உள்ள வித்தியாசம் தாங்காது. மரையைத் துடைத்தாயா, எண்ணெய் விட்டாயா, பழைய போல்ட்டா புதுசா என்று கேட்கிற மெக்கானிக் உராய்வைக் கணக்கில் எடுக்கிறார். கேட்காமல் டக் சத்தத்துக்குக் கையெழுத்து வாங்குகிற படிவம் எடுப்பதில்லை. நாளைக்கு நட்டு கழன்றால் படிவம் சுட்டுவது அந்தக் கையெழுத்தை. உராய்வு சாட்சி சொல்ல வராது.

4

முறுக்கும் வேலையும் ஒரே அலகில் எழுதப்படுகின்றன, நியூட்டன் மீட்டர். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. துருவேறிய நட்டை ஒருவர் பைப் போட்டு அரை மணி நேரம் இழுக்கிறார், நட்டு அசையவில்லை. முறுக்கு உண்டு, சுழற்சி இல்லை. ஆகவே பௌதீகக் கணக்கில் நட்டின்மேல் அவர் செய்த வேலை பூஜ்யம். சட்டை நனைந்த வேர்வைக்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை.

‘வேலை’ என்கிற சொல்லைப் பௌதீகத்தில் இந்தப் பொருளில் நிலைநிறுத்தியவர் பிரெஞ்சுப் பொறியாளர் கொரியோலி. எந்திரங்களின் பயனைக் கணக்கிடுவது பற்றிய 1829ஆம் வருஷப் புத்தகத்தில். உழைப்பைக் குறிக்கிற அன்றாடச் சொல்லை எடுத்து, விசையையும் தூரத்தையும் பெருக்கிய அளவுக்குச் சூட்டினார். எந்திரத்தையும் மாட்டையும் மனிதனையும் ஒரே அலகில் ஒப்பிடலாம் என்றாயிற்று. சொல் உழைப்பாளியிடமிருந்து வந்தது. அளவாகத் திரும்பி வந்தபோது அயர்ச்சி அதில் இல்லை.

அந்த இடைவெளியில் போய் முட்டிக்கொண்டவர், ஆச்சரியமாக, எஃப். டபிள்யூ. டெய்லர். உழைப்பை நிமிஷக் கணக்கில் நறுக்கியதாக இடதுசாரிகள் சரியாகவே கடிந்துகொள்கிற அதே டெய்லர். முதல்தரத் தொழிலாளி ஒரு நாளில் எத்தனை அடி பவுண்டு வேலை செய்யமுடியும் என்று கண்டுபிடிக்க அவர் பல சோதனைகள் செய்தார். 1911இல் வந்த புத்தகத்தில் முடிவை அவரே சொல்கிறார்: அடி பவுண்டுக்கும் அயர்ச்சிக்கும் தொடர்பே கிடைக்கவில்லை. ஒரு வேலையில் எட்டில் ஒரு குதிரைத்திறனிலேயே ஆள் களைத்துப்போகிறான். இன்னொன்றில் அரைக் குதிரைத்திறன் கொடுத்தும் அதைவிடக் களைப்பதில்லை. பிறகு அவருடைய உதவியாளர் கார்ல் பார்த் என்கிற கணிதக்காரர் ஒன்றைக் கவனித்தார். பாரம் கையில் இருக்கிற நேரம்தான் அயர்ச்சி, ஆள் நடந்தாலும் நின்றாலும். 92 பவுண்டு இரும்புப் பாளம் தூக்குகிறவன் நாளில் 43 சதவீத நேரம்தான் பாரத்தோடு இருக்கலாம், மிச்சம் 57 சதவீதம் வெறுங்கையோடு. இந்த அறிவு எதற்குப் பயன்பட்டது? பெத்லஹேம் ஆலையில் ஓர் ஆள் 12.5 டன் ஏற்றிய இடத்தில் 47.5 டன் ஏற்றவைத்ததாகவும், 1.15 டாலர் கூலியை 1.85 ஆக்கியதாகவும் டெய்லர் எழுதினார். அந்தக் கதையில் புனைவு கலந்திருப்பதை ரெஜ், பெரோனி என்கிற ஆய்வாளர்கள் 1974இல் காட்டினார்கள். கதைப்படியே எடுத்துக்கொண்டாலும் பாரம் நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அயர்ச்சியை அளக்கத் தெரிந்ததும் ஓய்வு கிடைத்தது உண்மைதான். அந்த ஓய்வும் பாளங்களின் கணக்கிலேயே வசூலிக்கப்பட்டது.

இங்கே நெல் மூட்டை சுமக்கிறவர்களுக்கு வரலாம். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை. தராசுக்குச் சட்டப்படி முத்திரை உண்டு, ஏனென்றால் நெல் விற்பனைப் பொருள். சுமக்கிறவருக்கு மூட்டைக் கணக்கில் கூலி. மூட்டையைத் தலையில் வைத்துச் சமதளத்தில் நடந்தால், மூட்டையின்மேல் அவர் செய்கிற வேலை பௌதீகப்படி ஏறக்குறைய பூஜ்யம், மூட்டை உயரவில்லை என்பதால். அதே மூட்டையை முன்பக்கம் கைகளில் ஏந்தினால் இடுப்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். முதுகெலும்பின் அடியில் 16 கிலோ மீட்டர் முறுக்கு. அதைத் தாங்குகிற முதுகுத் தசை எலும்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, ஆகவே அது 320 கிலோவுக்கு இழுத்தாகவேண்டும். தலையில் வைத்தால் தூரம் பூஜ்யத்துக்கு வருகிறது, முறுக்கும் போய்விடுகிறது. சும்மாட்டைச் சுருட்டிப் பாரத்தைத் தண்டுவடத்துக்கு நேர்மேலே நிறுத்துகிறவர் செய்வது முறுக்கை ஒழிக்கிற காரியம். ஆனால் குனிந்து எடுக்கிற கணத்திலும் லாரிக்குத் தூக்கிக்கொடுக்கிற கணத்திலும் முறுக்கு திரும்பி வந்துவிடும். மூட்டைக் கணக்கு அந்தக் கணங்களை எண்ணுவதில்லை. ஒரு வளர்ந்த ஆண் கையால் தூக்கக்கூடிய உச்சவரம்பு 55 கிலோ என்று 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது. எடைக்கு வரம்பு வைத்த அந்த எண்ணிலும் தூரம் இல்லை. எடை மட்டும் இருக்கிறது, ஏற்றத்தின் கை இல்லை.

5

அளவே வேண்டாம் என்கிற முடிவுக்கு இதிலிருந்து போகமுடியாது. அளக்கப்படாத உழைப்பு சுதந்திரமான உழைப்பு ஆகிவிடாது. பெரும்பாலும் கூலி கிடைக்காத உழைப்பாகத்தான் முடியும். வீட்டில் தண்ணீர் சுமப்பது இதற்குச் சாட்சி. முதுகுத் தசையின் 320 கிலோவைச் சொல்லமுடிந்ததே அளவின் உதவியால்தான். சும்மாட்டுக்கு நியாயம் சொல்ல அதே முறுக்குச் சூத்திரம் வந்து நிற்கிறது.

ஆகவே கேட்கவேண்டியது இன்னும் முழுமையான அளவை. எந்த எண்ணை நீட்டினாலும் மூன்று கேள்வி: இந்தக் கருவி நேராக அளப்பது எதை? நமக்கு வேண்டியது எது? இரண்டுக்கும் நடுவே இருப்பதற்கு யார் பொறுப்பு? போல்ட்டைப் பொறுத்தவரை பொறியியல் இந்தக் கேள்விகளைக் கேட்டு, உராய்வுக்கு ஒரு கெழுவைக் கொடுத்து, அது போதாதென்று கோண முறைக்கும் போய்விட்டது. இரும்புக்குக் கொடுத்த அந்த மரியாதை உடம்புக்கும் வந்தாகவேண்டும்: எடையோடு உயரமும் தூரமும் பாரம் ஏந்திய நேரமும் கூலிக் கணக்கில் ஏறவேண்டும், அந்த எண்களை வைத்துக்கொள்கிற நோட்டு சுமக்கிறவர்களின் சங்கத்திடமும் ஒன்று இருக்கவேண்டும். ஏற்றப்பாட்டில் எண்ணிக்கை இறைத்தவர்களின் வாயிலேயே இருந்தது.